புகார்ப் புத்தகத்தில் எழுதிய நன்றி

அந்த டிரைவர் மீது முதலில் புகார் எழுதியவளே நான்தான். அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வது நியாயமாகாது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் தில்லியில், லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். கணவருக்கும் எனக்கும் மத்திய அரசு வேலை, வேறு வேறு அமைச்சகங்களில். நான் கடிதப் பிரிவில் இருந்தேன். வருகிற ஒவ்வொரு காகிதத்துக்கும் டைரியில் எண் போட்டு, தேதி குறித்து, உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். எண் விழாத காகிதம் எங்கள் உலகத்தில் காகிதமே இல்லை, அதை யார் கைப்பட எழுதியிருந்தாலும் சரி. பதினோரு வருடம் அதே நாற்காலியில் உட்கார்ந்தவளுக்கு அந்தப் புத்தி உடம்போடு ஒட்டிப்போயிருந்தது.

காலை எட்டே முக்காலுக்கு வரும் அரசு பஸ்ஸில்தான் ஆபீஸ் போவேன். அதை ஓட்டியவர் ஹரியானாக்காரர். ஐம்பதை ஒட்டிய வயது, நரைத்த மீசை, கழுத்தைச் சுற்றி ஒரு கட்டம்போட்ட துண்டு. யாரோடும் பேசமாட்டார். பேசினால் அது முன்னால் போகிற ஆட்டோக்காரனுக்கான வசவாக இருக்கும். ஒரு ஜனவரிக் காலை மூடுபனியில் பஸ் எங்கள் ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டது. பின்னாலேயே ஓடினேன். வேகம் குறைவதுபோலக் குறைந்து, நான் கம்பியைத் தொடப்போகும் நேரத்தில் மறுபடி எடுத்துவிட்டது. ரோட்டில் குப்புற விழுந்தேன். முழங்கை தோல் உரிந்தது. ஊரிலிருந்து வந்த பிறகு ஆசையாக வாங்கிய ஸ்வெட்டர் கிழிந்தது. அந்தச் சனிக்கிழமையே டிப்போவுக்குப் போய், புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பஸ் எண், தேதி, நேரம் எல்லாம் குறித்து அரைப் பக்கம் எழுதினேன். புகார் எண்ணையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன்.

அதற்குப் பிறகு அவர் பஸ்ஸை எனக்கு நேராக நிறுத்த ஆரம்பித்தார். அளந்து வைத்ததுபோலப் படி என் காலடியில் வந்து நிற்கும். ஆனால் என் பக்கம் திரும்பமாட்டார். நானும் திரும்பமாட்டேன். பத்து மாதம் அப்படியே போனது.

தீபாவளி முடிந்த வாரம். பட்டாசுப் புகையும் டீசல் புகையும் பனியோடு கலந்து தில்லி முழுக்கத் தரையோடு தரையாகக் கிடந்தது. எங்கள் மகளுக்கு அப்போது ஏழு வயது. சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பள்ளிக்கு விடுமுறை, கணவர் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்தார். குழந்தையை என்னோடு ஆபீசுக்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று கிளம்பினேன். டிரைவருக்குப் பக்கத்தில் பெண்கள் சீட்டில் இடம் கிடைத்தது.

பாதி வழியில் அவள் என் தோளில் சாய்ந்தாள். தூக்கம் என்று நினைத்தேன். பிறகுதான் அந்த விசில் சத்தம் கேட்டது. பையைத் துழாவினேன். இன்ஹேலர் இல்லை. அது வேறு பையில், வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் தோள்பட்டை இரண்டும் ஏறி இறங்க ஆரம்பித்தன. கழுத்துக் குழி உள்ளே போனது. உதட்டின் நிறம் மாறியதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்த இந்தி எல்லாம் போய்விட்டது. பஸ் நிறைய இந்திக்காரர்களைப் பார்த்து, "புள்ளைக்கு மூச்சு முட்டுது, யாராவது பாருங்களேன்" என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தேன்.

டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். "அஸ்பதால்?" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. தலையாட்டினேன்.

அடுத்த ரவுண்டானாவில் நேராகப் போக வேண்டிய பஸ் முழுச் சுற்றும் சுற்றி வந்த வழியே திரும்பியது. ஹெட்லைட்டைப் போட்டார். ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பின்னாலிருந்து சத்தம் எழுந்தது. கோட் போட்ட ஒருவர் எழுந்து முன்னால் வந்து, தனக்கு ஒன்பதரைக்குக் கூட்டம் இருக்கிறது, எந்த உரிமையில் வண்டியைத் திருப்பினாய் என்று கேட்டார். டிரைவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, இறங்க விரும்புகிறவர்கள் ஆஸ்பத்திரியில் இறங்கிக்கொள்ளலாம் என்றார்.

பஸ்கள் நுழையக்கூடாத அவசரச் சிகிச்சை வாசலுக்குள் அதை நுழைத்தார். இடப்பக்கம் இரும்புத் தூணில் உரசி, பக்கக் கண்ணாடி உடைந்து விழுந்தது. இன்ஜினை நிறுத்தாமல் இறங்கி வந்து, என் மடியிலிருந்து குழந்தையை வாங்கி, எனக்கு முன்னால் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். உள்ளே போய்ச் சேர்ந்தபோது டாக்டர் குழந்தைக்கு ஆக்சிஜன் முகமூடியை மாட்டிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை.

குழந்தை கண் திறந்து தண்ணீர் கேட்டபோது வாசலுக்கு வந்தேன். பஸ் போயிருந்தது. உடைந்த கண்ணாடிச் சில்லுகளை ஒருவர் கூட்டிக்கொண்டிருந்தார். டிரைவருக்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

நான்கு நாள் கழித்து ஸ்டாப்பில் போய் நின்றேன். பஸ் வந்தது. ஓட்டியவர் வேறு ஆள். ஏறி, கண்டக்டரிடம் கேட்டேன். அவர் சில்லறையைப் பைக்குள் போட்டுக்கொண்டே, தயங்கித் தயங்கிச் சொன்னார். தடம் மாறி ஓட்டியது, வண்டியைச் சேதப்படுத்தியது, பயணிகளிடம் மரியாதையில்லாமல் பேசியது என்று மூன்று குற்றச்சாட்டு. கோட் போட்டவர் அன்றைக்கே டிப்போவில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். விசாரணை முடியும்வரை வேலை இல்லை. இதெல்லாம் சின்ன விஷயமாகப் போயிருக்கும், பெஹன்ஜி, ஆனால் ஏற்கெனவே ஒரு புகார் அவர் பெயரில் இருக்கிறது, பொது மக்களை மதிக்காதவர் என்பதற்கு அதைத்தான் சாட்சியாகக் காட்டுகிறார்கள் என்றார்.

அது யார் எழுதிய புகார் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா என்று எனக்குப் புரியவில்லை. நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டேன். அன்றைக்கு ஆபீஸ் போகவில்லை.

கணவர் ஊர் திரும்பியதும் சொன்னேன், டிப்போவுக்குப் போகப்போகிறேன் என்று. அவர் நல்ல மனிதர். மகளுக்கு ஆனதைக் கேட்டுக் கண் கலங்கியவர். ஆனால் அரசாங்கத்தில் இன்னொரு துறையின் ஒழுங்கு நடவடிக்கையில் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவருக்கு வேதம்.

"அவன் சோலிய அவன் பாத்தான். நீ எதுக்கு டிப்போல போயி நிக்க? நன்றி மனசுல இருந்தாப் போதும்" என்றார்.

எங்கள் வீட்டிலும் சரி, அவர் வீட்டிலும் சரி, நன்றி என்ற வார்த்தையை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னால் அந்நியமாக்கிவிட்டதாக அர்த்தம். அதைப் பெருமையாகவே நினைத்து வளர்ந்தவள் நான். ஆனால் அன்றைக்கு எனக்கு அந்தப் பெருமை பிடிக்கவில்லை.

"என் கோவம் மனசுலயா இருந்துச்சு? புத்தகத்துல எழுதி, நம்பர் வாங்கிட்டுல்லா வந்தேன். கோவத்த எழுதத் தெரியுது, நன்றிய மட்டும் மனசுல வச்சுக்கிடணுமோ?" என்று கேட்டேன். அவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் விரித்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை டிப்போவுக்குப் போனேன். ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததை எல்லாம் எழுதி, நன்றி என்று முடித்து, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா படித்தார். நல்லது மேடம் என்று சொல்லி அதை மேசை இழுப்பறைக்குள் போடப்போனார். எண் போட்டுத் தரும்படி கேட்டேன். சிரித்தார்.

"பாராட்டுக்கு ரெஜிஸ்டர் கிடையாது மேடம். புகாருக்குத்தான் இருக்கு."

அந்த இழுப்பறை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஆபீசிலும் அப்படி ஒன்று உண்டு. அதற்குள் போனது எதுவும் வெளியே வந்ததில்லை. தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். அப்படியென்றால் புகார்ப் புத்தகத்தைக் கொடுங்கள் என்றேன். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், அது சுவரிலேயே எழுதியிருந்தது. கொடுத்தார். நின்றபடியே முழுப் பக்கம் எழுதினேன். என் இந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் குழம்பிக் கிடக்கும். பஸ்ஸை ஆணாக்கி ஆஸ்பத்திரியைப் பெண்ணாக்கி எப்படியோ எழுதி முடித்தேன். ஒரு குழந்தையைக் காப்பாற்றியவருக்கு நன்றி என்று எழுதினேன். அதற்காக அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருப்பதுதான் என் புகார் என்று கடைசி வரியில் சேர்த்தேன்.

குமாஸ்தா எட்டிப் படித்துவிட்டு, ஜனவரியில் புகார் கொடுத்தது நீங்கள்தானே, அதைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தால் வேலை சுலபமாக முடியுமே என்றார். இல்லை என்றேன். அன்றைக்கு நான் விழுந்தது உண்மை. அவர் நிறுத்தாதது உண்மை. நவம்பரில் நடந்ததும் உண்மை. ஒன்றை மட்டும் ஃபைலில் வைத்துக்கொண்டு மற்றதை இழுப்பறையில் போட உங்களுக்கு உரிமை இல்லை என்று, எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். புகார் எண் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். அதற்கடுத்த சனிக்கிழமையும் போனேன். ஒவ்வொரு தடவையும் அதே விஷயத்தை எழுதி, போன வாரப் புகாருக்குப் பதில் இல்லை என்று சேர்த்தேன். நான்காவது வாரம் மேனேஜர் உள்ளே கூப்பிட்டார். டீ வரவழைத்தார். படித்தவர், அரசு ஊழியர், இப்படிப் புத்தகத்தை வீணாக்கலாமா, இதற்கு இது இடமில்லையே என்றார். வேறு இடம் காட்டுங்கள், அங்கே எழுதுகிறேன் என்றேன். அவர் ஜன்னல் வழியாக வெளியே நிற்கும் பஸ்களைப் பார்த்தார்.

இதற்குள் என் ஆபீசில் விஷயம் பரவிவிட்டது. தேங்க்ஸ் மேடம் என்று எனக்குப் பெயர் வைத்தார்கள். குடியிருப்பில் கீழ்வீட்டுத் தமிழ் அதிகாரி என் கணவரைக் கூப்பிட்டு, ஒரு பஸ் டிரைவருக்காக வீட்டுப் பெண் வாரா வாரம் டிப்போவில் போய் நிற்பது பார்க்க நன்றாக இல்லை என்று சொல்லியிருக்கிறார். கணவர் அதை என்னிடம் அப்படியே சொன்னார், தன் கருத்து எதையும் சேர்க்காமல். அப்படியானால் வாரம் இரண்டு நாள் போகிறேன் என்றேன்.

விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். நன்றி சொல்ல அல்ல, ஜனவரிப் புகார்தாரராக. மூன்று அதிகாரிகள் ஒரு நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் சுவரோரம் ஒரு ஸ்டூலில் இருந்தார். சட்டையில் பேட்ஜ் இல்லை. கழுத்துத் துண்டை மடித்து மடியில் வைத்திருந்தார். ஆள் இளைத்துப்போனதாகத் தெரிந்தது.

நடுவில் இருந்தவர் ஆரம்பித்தார். அவரைக் கையமர்த்தினேன். இந்த மனிதருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கேளுங்கள் என்றேன். எழுந்து அவர் பக்கம் திரும்பினேன். இந்தியில் சொல்லத்தான் ஒத்திகை பார்த்துப் போயிருந்தேன். வாயில் வந்தது வேறு.

"ரொம்ப நன்றி அண்ணாச்சி. எம் புள்ள உசுரோட இருக்கா."

அறையில் யாருக்கும் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது. ஆனால் பத்து மாதமும் திரும்பாத முகம் திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு அதையே இந்தியில் மேசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்காகச் சொன்னேன்.

அவர்கள் ஆம், இல்லை என்று மட்டும் பதில் கேட்டார்கள். தடம் மாறினாரா? ஆம். கண்ணாடி உடைந்ததா? ஆம். டிரைவர் தரப்பிலிருந்து யாராவது வந்து உங்களிடம் பேசினார்களா? இல்லை. அந்தக் கேள்விக்கு மட்டும் நான் ஒற்றை வார்த்தையோடு நிறுத்தவில்லை. ஒருவர் இன்னொருவருக்கு நன்றி சொன்னால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று தோன்றுகிற அளவுக்கு நாம் எப்படி ஆனோம் என்று கேட்டேன். அது பதிவில் ஏறவில்லை. பக்கத்திலிருந்து எழுதியவரின் பேனா நின்றதை நான் பார்த்தேன்.

வெளியே வராந்தாவில் டிரைவர் எனக்காகக் காத்திருந்தார். ஜனவரியில் நீங்கள் எழுதியது சரிதான், அன்றைக்கு நேரத்தைப் பிடிப்பதற்காக ஸ்டாப்பைத் தவிர்த்தேன் என்று நேராகச் சொன்னார். மன்னிப்பு கேட்கவில்லை. எனக்கும் அது தேவைப்படவில்லை. பிறகு, எனக்கு நன்றி சொல்லி நீங்கள் எழுதிய அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். எதற்கு என்றேன்.

"கிராமத்துல நான் குடிச்சிட்டு வண்டிய இடிச்சதாச் சொல்றாங்க பெஹன்ஜி. சம்சாரம் வெளிய தலை காட்டுறதில்ல." அவர் இந்தியில் சொன்னது தமிழில் இப்படித்தான் வரும்.

நகல் தருகிறேன் என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன் என்றேன்.

கணவரிடம் சொன்னபோது சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். எந்த பஸ் போகும் என்று மட்டும் கேட்டார். மூன்று பேரும் போனோம். தில்லி எல்லையைத் தாண்டி ஒரு மணி நேரம். கடுகு பூத்த வயல்களுக்கு நடுவில் கிராமம். ஊர் நடுவில் ஒரு வேப்ப மரத்தடியில் கயிற்றுக் கட்டில்கள் போட்டு ஏழெட்டுப் பெரியவர்கள் ஹூக்கா பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் எங்களை வீட்டுக்குள் கூட்டிப்போகப் பார்த்தார். நான் மரத்தடியிலேயே நின்றுவிட்டேன். மகளை முன்னால் நிறுத்தினேன். நான் யார், எங்கிருந்து வருகிறேன், இவள் யார், அன்றைக்கு பஸ்ஸில் என்ன நடந்தது, கண்ணாடி எதனால் உடைந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். இலக்கணப் பிழை ஒன்றிரண்டு இடத்தில் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று தொடர்ந்தேன். இவர் அன்றைக்குக் குடித்திருக்கவில்லை, குடித்திருந்தார் என்று இனி யாராவது சொன்னால் அது பொய் என்று முடித்தேன்.

ஒரு பெரியவர் ஹூக்காக் குழலைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, அவன் தன் வேலையைச் செய்தான், அதற்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வரவேண்டுமா மகளே என்றார். அதே வாக்கியம். தில்லியில் தமிழில் கேட்டதை இங்கே ஹரியானாப் பேச்சில் கேட்டேன். நான் வாய் திறப்பதற்குள் என் கணவர் பேசினார். அவருக்கு ஆபீஸ் இந்தி மட்டும்தான் வரும். மனு எழுதுவதுபோல நிறுத்தி நிறுத்தி, வேலையைச் செய்திருந்தால் நேராகப் போயிருப்பார், இவர் திருப்பினார், அதனால் வந்தோம் என்றார்.

வாசல் மறைவில் முக்காட்டோடு நின்றிருந்த டிரைவரின் மனைவி வெளியே வந்தார். மரத்தடியைத் தாண்டி, எல்லோர் முன்னாலும் நடந்து, என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் கூட்டிப்போனார். பெரிய பித்தளை டம்ளரில் பால் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, குழந்தையின் மூச்சைப் பார்ப்பதுபோல அவள் முதுகில் கை வைத்திருந்தார். டிரைவர் மட்டும் என்னிடம் கொஞ்சம் கோபமாகவே இருந்தார். ஊரைக் கூட்டச் சொல்லவில்லையே என்று முணுமுணுத்தார். ஆனால் எங்களை பஸ் ஏற்றிவிட வந்தபோது, வேண்டுமென்றே அந்த மரத்தடி வழியாகவே கூட்டிவந்தார். அதைவிட நேர்வழி ஒன்று இருந்தது, வரும்போது பார்த்திருந்தேன்.

இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் குற்றம் நிரூபணம் என்று பணிப் பதிவேட்டில் கண்டனம் எழுதி, வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். எல்லோரும் அதை வெற்றி என்றார்கள். விட்டுவிடு, இதுவே பெரிது என்றார்கள். கண்டனத்தை நீக்கச் சொல்லி மேலதிகாரிகளுக்கு எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு, அவர் ஓய்வு பெற்றதாகக் கேள்விப்பட்ட வருடம்வரை எழுதினேன். அந்த ஒரு வரி அவர் பதிவேட்டில் அப்படியே இருந்திருக்கும். அதை எழுதியவர்கள் தவறு செய்தார்கள் என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

நன்றியை மனதில் வைத்துக்கொள்வது பண்பு என்று யாராவது சொன்னால் இப்போது எனக்குக் கோபம் வருகிறது. மனதுக்குள் இருக்கிற நன்றி வைத்திருப்பவருக்குத்தான் சுகம். அதனால் மற்றவருக்கு ஒரு பயனும் இல்லை. ஒருவர் உங்களுக்கு நல்லது செய்தால் அதை அவர் காதில் விழும்படி சொல்லுங்கள். முடிந்தால் அவருடைய மேலதிகாரி காதிலும், அவரைப் பற்றித் தப்பாகப் பேசுகிறவர்கள் காதிலும் விழும்படி சொல்லுங்கள். சிரிப்பார்கள். பெயர் வைப்பார்கள். எனக்கு வைத்த பெயரோடுதான் நான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தேன், கூப்பிட்டபோதெல்லாம் திரும்பியும் பார்த்தேன்.